வெண்கட்டி எழுதாத விலை

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து ஜாலான் துன் சம்பந்தனுக்கு நடந்து வருபவரை பிரிக்பீல்ட்ஸ் பலகைகளால்தான் வரவேற்கிறது. நகைக்கடை, ஜவுளிக்கடை, பூக்கடைப் பலகைகளுக்கு நடுவே, சாப்பாட்டுக் கடை வாசலில் கால் விரித்து நிற்கும் ஒரு கரும்பலகையும் இப்போது வழக்கமாகிவிட்டது. மேலே பச்சை நிறத்தில் ஒரு வாழையிலை ஓவியம். அதன் கீழ் கொட்டை எழுத்தில் ‘பனானா லீஃப் ரைஸ்’. அப்புறம் தோசை, ரொட்டி சானாய், மசாலா டீ, மாம்பழ லஸ்ஸி. ஓரத்தில் சிரிக்கும் முகம் ஒன்று, சில சமயம் ஒரு மயில். எல்லாம் ஆங்கில எழுத்தில், கையால் எழுதியவை.

வெண்கட்டி அழிப்பதற்கென்றே உண்டான பொருள். இன்று இருந்து நாளை இல்லாமல் போவதை எழுதத்தான் அது வேண்டும். ஆனால் இந்தப் பலகையில் இருப்பவை ஒருநாளும் அழிக்கத் தேவையில்லாதவை. தோசை நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். நாளுக்கு நாள் உண்மையாகவே மாறுகிறவை வேறு: காலையில் மொத்தச் சந்தையிலிருந்து வந்த தெங்கிரி மீன், இன்று பெரிதாகக் கிடைத்துவிட்ட நண்டு, கிடைத்தால் மட்டும் சமைக்கும் மீன் சினை, ஆட்டு மூளை. இவை பலகையில் ஏறுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எவர்சில்வர் தட்டுகளில் இருக்கின்றன. அவற்றின் விலையோ பரிமாறுகிறவர் வாயில் இருக்கிறது, பல கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் இருக்கிறது.

மாறாதது வெண்கட்டியில், மாறுவது வாய்ச்சொல்லில். இந்தத் தலைகீழ் ஏற்பாடு தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கடைகள் யாருக்காகத் தொடங்கின, யாருக்காக இப்போது பலகை எழுதுகின்றன என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தன. மரமும் அத்தாப்புக் கூரையும் போதும் என்றிருந்த ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆட்சியதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் முடிவெடுத்தார். அதற்குச் செங்கல் சூளைகள் தேவைப்பட்டன. சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் அந்த வட்டாரம் ரயில்வேக்காரர்களுடையதாயிற்று. தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள், எழுத்தர் வேலைக்கும் நிலைய அதிபர் வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். விவேகானந்தர் ஆசிரமம் 1904-இல் எழுந்தது. ரயில்வே ஊழியர்களுக்கான ‘நூறு வீடுகள்’ 1905-இல் கட்டப்பட்டன. இந்த ஜனங்களில் பெரும்பகுதி மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள்.

தனியாக வந்தவன் தினமும் ஒரே இடத்தில் சாப்பிடுவான். அவனுக்கு எதற்கு உணவுப் பட்டியல்? என்ன குழம்பு என்று வாசனை சொல்லிவிடும். எவ்வளவு என்பது மாதக் கடைசியில் தெரிந்தால் போதும். இந்த நாட்டில் கடன் கணக்கு எழுதும் சின்னக் குறிப்பேட்டுக்கு ‘555’ என்று பெயர். மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் ஒருபோல அறிந்த பெயர் அது. அந்தக் காலச் சாப்பாட்டுக் கடையில் எழுத்து என்று ஒன்று இருந்ததென்றால் அது சுவரில் இல்லை, கல்லாப்பெட்டிக்குள் இருந்த அந்தக் குறிப்பேட்டில்தான் இருந்தது. எழுதப்பட்டதும் சாப்பாட்டின் பெயரல்ல, சாப்பிட்டவனின் பெயர்.

தமிழ்நாட்டிலும் கதை வெகுவாக மாறவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று இட்லி, பொங்கல், வடை, ரவா, ஆனியன் ரவா என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பரிமாறுநரைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. அங்கே வாசல் பலகைக்கு அன்று இரண்டே வேலைகள். ஒன்று, ‘சாப்பாடு தயார்’ என்று அறிவிப்பது. மற்றொன்று, உள்ளே வரலாமா கூடாதா என்று சொல்வது. இரண்டாவது வேலையை எதிர்த்துத்தான் 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியின் முரளி கபே முன் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் செய்தது. பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற எழுத்தை அழிக்கச் சொன்னது. என்ன சமைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருக்குச் சமைத்திருக்கிறார்கள் என்பதுதான் வழக்கு. சாப்பாட்டுக் கடை வாசலில் எழுதப்படும் எந்த எழுத்தையும் இந்தக் கேள்வியோடு படிப்பது நல்லது.

பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். 2001 ஏப்ரலில் கேஎல் சென்ட்ரல் திறந்தது. மறு ஆண்டே விமான நிலையத்துக்கு 28 நிமிடத்தில் ஓடும் விரைவு ரயில் வந்தது. 2003-இல் மோனோரயில் ஜாலான் துன் சம்பந்தனிலேயே வந்து நின்றது. விமானத்திலிருந்து இறங்கி, ரயிலேறி, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வரும் வெளிநாட்டுக்காரர் கண்ணில் முதலில் படும் சாப்பாட்டுத் தெரு என்ற தகுதி இந்த ரயில்வே குடியிருப்புக்குத் திடீரென்று கிடைத்தது. 2010 அக்டோபர் 27 அன்று அப்போதைய மலேசிய, இந்தியப் பிரதமர்களான நஜிப் ரசாக்கும் மன்மோகன் சிங்கும் சேர்ந்து இதை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். யானைச் சிற்பங்களோடு நீரூற்று, வண்ண வளைவுகள், விளக்குக் கம்பங்கள் என்று தெரு சோடனை பெற்றது. 2015 நவம்பரில், சாஞ்சித் தூபியின் வாயிலைப் பார்த்துச் செய்த தோரண வாயிலை, இந்திய அரசின் அன்பளிப்பாக, மோடியும் நஜிப்பும் திறந்தார்கள். சாஞ்சிக்கும் ரயில்வே பட்டறைத் தமிழனுக்கும் என்ன உறவு என்று கேட்பவர் உண்டு. நானும் கேட்பதுண்டு. ஆனால் சுற்றுலாத் தெருவுக்கு அந்தக் கேள்வி அவசியமில்லை.

இதற்குப் பின்னால்தான் வாசலில் கரும்பலகைகள் பெருகின. தெருவில் நடப்பவருக்குக் கடை அறிமுகமில்லை, கடைக்கு அவர் அறிமுகமில்லை. உள்ளே வரலாமா என்ற தயக்கத்தை வாசலிலேயே தீர்த்தாக வேண்டும். என்ன கிடைக்கும், எவ்வளவு ஆகும், கையால்தான் தின்ன வேண்டுமா என்ற கேள்விகளைப் பலகை எதிர்கொள்கிறது. ‘கரண்டி உண்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பதையும் பார்க்கலாம்.

இன்னொரு காரணம் கடைக்குள்ளே இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒப்பிக்கத் தெரிந்த பரிமாறுநர்கள் குறைந்துவிட்டார்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் உணவகங்களில் தட்டு ஏந்துபவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2018 ஜூனில் அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், அடுத்த ஜனவரி முதல் உணவகங்கள் உள்ளூர் சமையற்காரர்களையே வைக்க வேண்டும் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும், அது ஒரு யோசனைதான் என்று பேச்சு இறங்கிவந்தது. ஆள் பற்றாக்குறை பற்றி இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸும், முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமான பிரெஸ்மாவும் ஒவ்வோர் ஆண்டும் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ஒரு நேப்பாள இளைஞனிடம் கோழி வறுவலுக்கும் பிரட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுற்றுலாப் பயணி கேட்டால் அவன் என்ன செய்வான்? பலகையைக் காட்டுவான். முன்பு வாய் செய்த வேலையை இப்போது விரல் செய்கிறது.

கிள்ளானில் நிலைமை வேறு. ஜாலான் தெங்கு கிளானாவும் ‘லிட்டில் இந்தியா’தான், தீபாவளி நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஆனால் கூட்டம் நம் ஜனங்களுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பிறகும் சேலைக்கும் மாலைக்கும் கல்யாணச் சாமானுக்கும் அங்கேயே வந்து பழகியவர்கள். அந்தத் தெருச் சாப்பாட்டுக் கடையில் பலகை இருந்தால், பெரும்பாலும் அது கல்லாவுக்குப் பின்னால் மாட்டிய வெள்ளைப் பலகை. நீல மார்க்கரில் ‘இன்று: காடை, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை’ என்கிற மாதிரி இரண்டு வரி இருக்கும். மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்றும் இருக்கும். ஓவியம் கிடையாது, மயில் கிடையாது. சுறா தீர்ந்தால் சுறாவின் மேல் ஒரு கோடு. அந்தப் பலகைதான் பலகையின் வேலையைச் செய்கிறது: மாறுவதைச் சொல்கிறது. தோசை உண்டு என்று எழுதி வைத்தால் கிள்ளான்காரர் சிரிப்பார். ‘அண்ணே, இன்னைக்கு என்ன இருக்கு?’ என்று கேட்டுக்கொண்டே உட்காருபவருக்குத் தெரியாதது அந்த ‘இன்னைக்கு’ மட்டும்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பலகையின் பொருளையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும். சொல்லர்த்தமாகவே தொட்டால், பல பலகைகளில் விரலில் மாவு ஒட்டாது. வெண்கட்டி போலத் தெரியும் மை நிரப்பிய பேனாவால் எழுதியவை அவை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிற்பகல் இடிமழையில் ஐந்தடி நடைபாதை வரை சாரல் அடிக்கும். நிஜ வெண்கட்டி எழுத்து ஒரு மழைக்குத் தாங்காது. எனவே ஈரத் துணியால் தேய்த்தால் மட்டும் போகும் மை. சில பலகைகள் அதையும் தாண்டிவிட்டன. கரும்பலகை மாதிரி, கையெழுத்து மாதிரி, வெண்கட்டித் தூசி படிந்த மாதிரி கணினியில் வடிவமைத்து அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்புகள் அவை. தூசியைக்கூட அச்சிட்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பிரயாசை? பிரான்சின் சிறு உணவகங்களில் அன்றைய சந்தையில் கிடைத்ததைச் சமைத்து, அதன் பெயரைக் கற்பலகையில் எழுதி வைப்பது நெடுநாள் பழக்கம். பலகையில் உள்ளது இன்று காலை முடிவானது, நாளை இருக்காது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பழக்கம் உலகச் சிற்றுண்டிக் கடைகளுக்குப் பரவியபோது பொருள் கழன்று விழுந்துவிட்டது, தோற்றம் மட்டும் நின்றது. கையெழுத்தைப் பார்த்ததும் ‘இப்போதுதான் யாரோ எழுதினார்கள், ஆகவே இப்போதுதான் சமைத்தார்கள்’ என்று மனம் தானாக முடிச்சுப் போடுகிறது. ஸ்டெஃபனி லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. உணவுப் பட்டியலில் கையெழுத்துப் போன்ற எழுத்துரு இருந்தால், உணவு அன்போடு செய்யப்பட்டது என்று வாடிக்கையாளர்கள் எண்ணினார்கள். உடலுக்கு நல்லது என்று பெயரெடுத்த உணவகங்களில் அந்த எண்ணம் வேலை செய்தது. அங்கே சோதித்தது யாரும் கையால் எழுதியதை அல்ல, கணினி எழுத்துருவைத்தான். பொய்க் கையெழுத்துக்கே இந்தச் சக்தி இருக்கிறது.

மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கி 6,500 அமெரிக்க உணவுப் பட்டியல்களில் இருந்த ஆறரை லட்சம் உணவு வகைகளைக் கணினியில் அலசினார். விவரிப்பில் வரும் சொற்களின் சராசரி நீளம் ஓர் எழுத்து கூடினால் அந்த உணவின் விலை 18 சென்ட் கூடுவதைக் கண்டார். ‘புத்தம்புதிய’ போன்ற அடைமொழிகளை அதிகம் போடுவது மிக உயர்ந்த உணவகங்களல்ல, நடுத்தரமானவை என்பதும் அவர் கண்டது. நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கையுள்ள இடம் அதைச் சொல்லிக்காட்டாது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் வேடிக்கை. கிள்ளான் வெள்ளைப் பலகையில் அடைமொழியே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கரும்பலகையில் ‘அசல்’, ‘பாரம்பரிய’, ‘பாட்டி கைப்பக்குவம்’ எல்லாம் உண்டு. பாட்டி யாருடைய பாட்டி என்று கேட்கக் கூடாது.

பலகையின் மொழி பற்றிக் கொஞ்சம். கோலாலம்பூரில் கடை முகப்புப் பலகைக்கு மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும். 1982-ஆம் ஆண்டின் விளம்பரத் துணைச்சட்டம் அதில் தேசிய மொழியை முன்னிறுத்தச் சொல்கிறது. 2024 நவம்பரில் தேசிய மொழி இல்லாத பலகைகள்மீது மன்றம் நடவடிக்கை எடுத்தபோது அது நாடளாவிய அரசியல் சச்சரவாயிற்று. அந்தச் சச்சரவு தலைக்கு மேலே இருக்கும் பலகைகளைப் பற்றியது. இடுப்பளவு உயரத்தில், கால் விரித்து நிற்கும் கரும்பலகை அதில் யார் கண்ணிலும் படவில்லை. அதில் ஆங்கிலம் சுதந்திரமாக இருக்கிறது, மலாய் ஆங்காங்கே இருக்கிறது. தமிழ் இருந்தால் அலங்காரமாக, ‘வணக்கம்’ என்ற அளவில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் பயணி ‘டோசை’ என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரிக்கிறார். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா தேவையில்லை என்றானதால் அப்படிச் சிரிப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். அவர்கள் தமிழ் படிப்பார்கள் என்பது பலகை எழுதுபவருக்குத் தெரியும். இருந்தும் தமிழில் எழுதுவதில்லை. தமிழ்நாட்டுப் பயணி எப்படியும் உள்ளே வருவார், அவருக்குத் தூண்டில் வேண்டாம் என்று கடை கணக்குப் போட்டிருக்கலாம்.

பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு மறுப்புகள் அடிக்கடி இருக்கும்: மாட்டிறைச்சி இல்லை, பன்றியிறைச்சி இல்லை. முதலாவது இந்துவுக்கு, இரண்டாவது முஸ்லிமுக்கு. ‘ஹலால்’ என்று நேரடியாக எழுதிவிட முடியாது. 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி உரிய அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போடுவது குற்றம். எனவே எது இருக்கிறது என்று சொல்லாமல் எது இல்லை என்று சொல்லி இரண்டு சாராரையும் அமர்த்துகிறார்கள். இந்த நாட்டின் சாப்பாட்டு நாகரிகத்தை இந்த இரண்டு வரிகளில் படித்துக்கொள்ளலாம். நீண்ட சொற்பொழிவுகள் தேவையில்லை.

இனி விலை. மலேசியாவில் விலையைக் காட்டாமல் விற்கக் கூடாது. 1946-இலிருந்து இருந்த விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மாற்றி 2011-இல் விலைக் கட்டுப்பாடு மற்றும் அதிக லாபத் தடைச் சட்டம் வந்தது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் அடிக்கடி கடைகளுக்கு வருகிறார்கள், பெருநாள் காலங்களில் கூடுதலாகவே வருகிறார்கள். விலைப்பட்டியல் எங்கே என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது.

விலை மாறும்போதுதான் அழியும் எழுத்தின் அருமை தெரியும். 2015 ஏப்ரல் 1 அன்று 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. வரியையும் சேர்த்த விலையைக் காட்ட வேண்டியதாயிற்று. 2018 ஜூன் 1 அன்று அது பூஜ்யமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் உணவகங்கள் மறுபடி கணக்கை மாற்றின. கோழிக்கான மானியமும் உச்சவரம்பு விலையும் 2023 நவம்பரில் நின்றன. முட்டைக்கான மானியம் 2025 ஆகஸ்டில் முற்றாக நின்றது. ஒவ்வொரு முறையும் மின்விளக்குப் பலகை வைத்தவர் ஒட்டுத்தாள் வாங்கி எண்ணின் மேல் எண்ணாக ஒட்டினார். நீங்கள் பார்த்திருப்பீர்கள், நாலு அடுக்கு தடித்துப்போன அந்த எண்களை. வெண்கட்டிக்காரர் துடைத்து எழுதிவிட்டுப் போனார்.

ஆனால் அவர் எழுதியது எதன் விலை? வாழையிலைச் சாப்பாட்டின் அடிப்படை விலை. பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு சோறு, மூன்று நான்கு காய்கறி, அப்பளம், ரசம், மோர். குழம்பு சைவமா மீனா கோழியா, கேட்டதை ஊற்றுவார்கள். சோறும் காயும் கேட்கக் கேட்க வரும். இதைவிட நேர்மையான ஒப்பந்தம் உணவு வியாபாரத்தில் அரிது. வயிறு பெரியவனும் சிறியவனும் ஒரே விலை கொடுக்கிறார்கள். கடை இதில் லாபம் பார்ப்பதில்லை, அல்லது சொற்பமாகப் பார்க்கிறது. லாபம் இலை போட்ட பிறகு வரும் தட்டில் இருக்கிறது. பரிமாறுகிறவர் ஒரு பெரிய தட்டில் பொரித்த மீன், இறால் சம்பல், கணவாய், கோழி, ஆட்டுப் பிரட்டல் எல்லாம் சின்னக் கிண்ணங்களில் அடுக்கிக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டுவார். பசித்தவன் கண்ணுக்கு விலை தெரியாது. கை நீட்டுவான்.

உள்ளூர்க்காரர் ‘இது எவ்வளவு’ என்று கேட்டுவிட்டு எடுப்பார், அல்லது போன தடவை எவ்வளவு என்று நினைவு வைத்திருப்பார். சுற்றுலாப் பயணிக்கு இரண்டும் இல்லை. வாசல் பலகையில் கண்ட ஒற்றை எண்தான் அவர் மனதில் இருக்கிறது. தட்டில் வருவதும் அந்த எண்ணுக்குள் அடக்கம் என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சோறும் காயும் ரசமும் அப்படித்தானே வந்தன! கல்லாவுக்குப் போகும்போது இலையின் விலையைப் போல மூன்று மடங்கு வந்து நிற்கும். அடுத்த நாள் ரசீதின் படம் சமூக ஊடகத்தில் இருக்கும். மீன் விலை அதிகம் என்று ஒரு தரப்பு, கேட்காமல் தின்றது யார் தப்பு என்று ஒரு தரப்பு. சில நாளில் அடுத்த கடையின் ரசீது வரும்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மீன் ஒரே அளவில் வராது. ஒரே மீனில் தலைப்பக்கத் துண்டும் வால்பக்கத் துண்டும் ஒரே விலை பெறாது. மீன்தலைக் கறிக்குச் சந்தை விலை என்பதுதான் முறை. மொத்தச் சந்தையில் இன்றைய விலை நாளை இல்லை. நாசி கண்டார் கடைகளிலும் இதே பழக்கம் உண்டு. கல்லாக்காரர் தட்டை ஒரு பார்வை பார்த்துத் தொகையைச் சொல்லிவிடுவார். அந்தப் பார்வை பல வருடப் பயிற்சி. அதை எப்படிப் பலகையில் எழுதுவது என்று கேட்கிறார்கள்.

எழுதலாம் என்பதே என் எண்ணம். நாளுக்கு நாள் மாறும் விலையை எழுதத்தானே வெண்கட்டி இருக்கிறது? ‘இன்று தெங்கிரி துண்டு, சிறியது இவ்வளவு, பெரியது இவ்வளவு’ என்று இரண்டு வரி எழுத மயில் வரைகிற நேரம் ஆகாது. மாறுவதால் எழுத முடியவில்லை என்ற வாதம் அச்சுப் பலகைக்காரர் சொன்னால் பொருந்தும். கையில் வெண்கட்டி வைத்திருப்பவர் சொன்னால் பொருந்தாது. விலையின் தோற்றம் ஆளைச் செலவழிக்கவைக்கும் என்பதும் தெரிந்த விஷயம். 2009-இல் ஆய்வாளர் சிபில் யாங்கும் வேறு இருவரும் அமெரிக்காவில் ஒரு சமையற்கலைக் கல்லூரியின் உணவகத்தில் சோதித்தபோது, டாலர் குறியில்லாமல் வெறும் எண் போட்ட பட்டியலைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். பணம் என்ற நினைப்பு விலகினால் கை தாராளமாகிறது. குறியை எடுத்தாலே இப்படியென்றால், எண்ணையே எடுத்துவிட்டால்?

இந்த வழக்கில் இன்னொரு சாட்சி உண்டு, பிரிக்பீல்ட்ஸில் மட்டும் கிடைக்கும் சாட்சி. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பயிற்சி, வேலை, தங்குமிடம், உடற்பிடி நிலையங்கள் என்று பார்வையற்றவர்கள் பல தலைமுறைகளாக இங்கே நடமாடுகிறார்கள். அவர்களுக்காகப் போட்ட மேடிட்ட மஞ்சள் ஓடுகள் நடைபாதையில் ஓடுகின்றன. கரும்பலகைகள் சில வேளை அந்த ஓடுகளின் மேலேயே கால் விரித்து நிற்கின்றன. ஐந்தடி நடைபாதை பொதுமக்கள் வெயிலிலும் மழையிலும் தடையின்றி நடப்பதற்காக 1822-இல் சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸ் வகுத்த விதியிலிருந்து வந்தது. அதை அடைத்து வைப்பது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படியும் குற்றம். வெள்ளைக் கோல் பலகையில் மோதும் ‘டக்’ என்ற சத்தம் அந்தத் தெருவில் புதிதல்ல.

அதே பார்வையற்றவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் கடை பழைய கடையாகிவிடுகிறது. பலகை அவருக்கு இல்லை. விரலால் சுட்டிக் காட்டவும் முடியாது. யாராவது வாயைத் திறந்தே ஆக வேண்டும். என்ன மீன், எத்தனை பெரிது, முள் அதிகமா, எவ்வளவு வெள்ளி, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பழகிய பரிமாறுநர் இலையில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்லி வைப்பார். ஒரு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தட்டில் உள்ள ஒவ்வொன்றின் விலையும் சாப்பிடுவதற்கு முன்பே தெரிந்துவிடும் வாடிக்கையாளர் அனேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார். கண் தெரிந்தவர்களுக்கு எழுதிவைத்திருக்கிறோம் என்ற பெயரில் சொல்லாமல் விட்டது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

பலகையை வைத்து வழக்காடுவதும் சுலபமில்லை. அழியும் எழுத்து கடைக்காரருக்கு வசதி, அதிகாரிக்குத் தலைவலி. மதியம் பலகையில் என்ன எண் இருந்தது என்பதற்கு மாலையில் சாட்சி கிடையாது. அதிகாரிகள் படமெடுத்து வைப்பது இதனால்தான். புகார் கொடுக்கப்போகும் பயணிக்கும் ரசீதோடு பலகையின் படம் இருந்தால்தான் பேச்சு நிற்கும். கையால் எழுதிய அழகைக் காட்டத்தான் எல்லோரும் அந்தப் பலகையைப் படமெடுக்கிறார்கள். அந்தப் படத்துக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எழுதியவர் எதிர்பார்த்ததல்ல.

சில கடைகள் வேறு வழி கண்டிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சிறு அட்டையைச் செருகி மார்க்கரில் விலையை எழுதிவிடுகிறார்கள். எண்ணெய் பட்டு அட்டை மஞ்சளாகியிருக்கும், எழுத்து கோணல். சுற்றுலா மலருக்குப் படமெடுக்க அதில் ஒன்றுமில்லை. சட்டம் கேட்பதும் சாப்பிட வந்தவர் கேட்பதும் அதில் இருக்கின்றன, மீன் தீர்ந்தால் அட்டையைப் பிடுங்கிவிடலாம். இருந்தும் இந்த அட்டை தெருவெல்லாம் பரவவில்லை. பெரிய துண்டுக்குப் பக்கத்தில் அதன் விலையும் நின்றால் பாதிப் பேர் சிறிய துண்டைக் கேட்பார்கள். மற்றவர்கள் முட்டைக்கு இறங்கிவிடுவார்கள். அட்டை ஏன் பரவவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.